இறக்கத்தில் அணைத்த எஞ்சின்

அந்தக் காருக்குக் கிளச்சுப் பெடல் கிடையாது. ஓட்டுபவரின் இடது காலுக்கு வேலையே இல்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சிறு கம்பி இருந்தது. அதை உரிய இடத்தில் இழுத்து வைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், கியரைக் கார் தானே மாற்றிக்கொள்ளும். நாகர்கோவிலில் அப்போது அப்படி வேறொரு வண்டி இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அதை நான் வாங்கியதற்குக் காரணம் காரின் மேலுள்ள ஆசை அல்ல. கோட்டாறில் ஓர் அரிசி மண்டியில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். முதலாளி என்னை ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. “வே கணக்கு, இங்க வாரும்” என்பார். வண்டிக்காரர்கள், மூட்டை சுமப்பவர்கள், வாங்க வந்தவர்கள் எல்லார் முன்னிலும் அதுதான். இளைஞனாக அங்கே போய் உட்கார்ந்தவன், காதோரம் நரைத்த பிறகும் ‘கணக்கு’தான். இனி எஞ்சிய காலத்தில் அந்த மேசைக்கு முன்னால் உட்காரக் கூடாது என்ற ஒரே எண்ணத்தில் என் பங்கு வயலை விற்றேன்.

மலையில் ரப்பர்த் தோட்டத்தை நிர்வகித்துவந்த வெள்ளைக்காரர் ஒருவர், நாடு விடுதலை அடைந்த பிறகும் சில ஆண்டுகள் இருந்து பார்த்துவிட்டு, ஊருக்குக் கிளம்பினார். அவர் விற்ற பொருள்களில் இந்த அமெரிக்கக் காரும் ஒன்று. கன்னியாகுமரிக்கு வரும் யாத்ரீகர்கள், நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளிகள், கல்யாண வீடுகள், மாசியில் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை என்று வாடகைக்கு ஓட்டினால் குடும்பம் நடக்கும் என்று கணக்குப் போட்டேன். எனக்குக் கண் பார்வை போதாது, லைசென்ஸ் கிடைக்காது. ஓட்டுவதற்கு என் மனைவியின் தம்பி இருந்தான். யுத்த காலத்தில் லாரி ஓட்டியவன்.

வெள்ளைக்காரர் எங்கள் இருவரையும் காரின் அருகே நிற்க வைத்து, நிதானமான ஆங்கிலத்தில் ஒரு விஷயத்தை இரண்டு தடவை சொன்னார். ஓடும்போது எஞ்சினை அணைக்கவே கூடாது. எஞ்சின் சுழன்றால்தான் கியர்ப்பெட்டிக்குள் எண்ணெய் ஓடும். எண்ணெய் ஓடாமல் சக்கரம் மட்டும் ஓடினால் உள்ளே இருக்கும் தகடுகள் கருகிவிடும். நான் அதை அங்கேயே மைத்துனனுக்குத் தமிழில் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். திரும்பி வரும்போது, தோட்டத்து வாசல் கண்ணிலிருந்து மறைவதற்குள், முதல் இறக்கத்திலேயே கம்பியை நியூட்ரலில் தள்ளிச் சாவியைத் திருப்பினான்.

“மாப்பிளே, இப்பதானே சொன்னாரு” என்றேன்.

“அது பெட்ரோல் காச நெனைக்காத வெள்ளக்காரச் சாயிப்புக்குள்ள பேச்சு அத்தான். நமக்கு அது சரிப்படுமா?”

இதைப் பிற ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். யுத்த காலத்தில் பெட்ரோலுக்குக் கூப்பன் இருந்தது. எங்கள் பக்கத்துச் சாலைகளோ ஏற்றமும் இறக்கமுமானவை. ஒவ்வோர் இறக்கத்திலும் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைச் சும்மா ஓட விடுவது டிரைவர்களுக்கு வழக்கமாகி, வழக்கம் திறமையாகி, யுத்தம் முடிந்த பிறகு அதுவே பெருமையாகிவிட்டது. மணிமேடைப் பக்கத்துக் கார் ஸ்டாண்டில் ஒருவனை நல்ல டிரைவர் என்று சொன்னால், அணைத்த இடத்திலிருந்து எவ்வளவு தூரம் வண்டியை ஓட விட்டான் என்பதை வைத்துத்தான் சொல்வார்கள்.

எங்கள் கார் கனமானது. இறக்கத்தில் விட்டால் நிற்கவே நிற்காது. ஒரு மாதத்துக்குள் மைத்துனன் ஸ்டாண்டில் பெரிய ஆளாகிவிட்டான்.

“எங்க மக்கா அணைச்சே?”

“வில்லுக்குறி ஏத்தத்துத் தலையில.”

“பொறவு எஞ்சின எங்க போட்டே?”

“எங்க போட? கொளத்துக் கலுங்கு தாண்டி, வளைவு தாண்டி, புளிமூடு வரைக்கும் சும்மால்லா வந்துது.”

“போலே! அது என்ன காரா, வள்ளமா?”

அந்தச் சிரிப்புக்கு நடுவில் நான் போய் நின்று எண்ணெய், தகடு என்று பேசினால் எப்படி இருக்கும் என்பதை வாசிப்பவர்களே ஊகிக்கலாம். “அத்தானுக்கு வண்டிய ஓட்டத் தெரியாது, கெட்டிப் பிடிச்சுக்கிட்டு இருக்கத்தான் தெரியும்” என்று அவன் ஒருமுறை சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனாலேயே அது நன்றாகத் தைத்தது.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் முதல் அறிகுறி தெரிந்தது. கம்பியை இழுத்துவிட்ட பிறகும் கார் கிளம்ப யோசித்தது. எஞ்சின் இரையும், சக்கரம் பேசாமல் இருக்கும், பிறகு முதுகில் யாரோ குத்தியதுபோல ஒரு வெட்டு வெட்டிப் புறப்படும். எஞ்சின் ஓடும்போதே கியர்ப்பெட்டி எண்ணெயின் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தேன். வாங்கியபோது தெளிந்திருந்த எண்ணெய் கருப்பட்டிப் பாகு நிறத்துக்கு வந்திருந்தது. முகர்ந்தால் அடிப்பிடித்த பாலின் நாற்றம். கொச்சியிலிருந்து புது எண்ணெய் தருவித்து மாற்றினேன். சில வாரம் சரியாக ஓடியது. மறுபடியும் கறுத்தது.

வீட்டில் சொல்லிப் பார்த்தேன்.

“அவன் யுத்தத்துலயே லாரி ஓட்டினவன்” என்றாள் மனைவி. “நீங்க எந்த வண்டிய ஓட்டியிருக்கேள்? ஒங்களுக்காகத்தானே அவன் வெயிலுல கெடந்து சாகுகான்? நாலு காசு மிச்சம் பிடிச்சா அதுவும் குத்தமா?”

மிச்சம் பிடிப்பது குற்றமல்ல. அவன் அந்தப் பெட்ரோலில் ஒரு துளிகூடத் திருடவில்லை. மிச்சமானதையெல்லாம் எனக்குத்தான் காட்டினான், அதுவும் சந்தோஷமாக. இப்படிப்பட்டவனிடம் எப்படிச் சண்டை போடுவது?

அதன் பிறகு முடிந்தபோதெல்லாம் நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். மாசிக் கொடையின்போது கொட்டாரத்து நெல் வியாபாரி ஒருவர் மனைவியுடனும் மனைவியின் தங்கையுடனும் மண்டைக்காட்டுக்குக் கிளம்பினார். பின்சீட்டில் பெண்கள் மடியில் பொங்கல் பானை, வெல்லம், தென்னம்பாளை எல்லாம் இருந்தன. வில்லுக்குறி ஏற்றத்தில் கார் திணறியது. எஞ்சின் சத்தம் ஒரு பக்கம், கார் ஒரு பக்கம் என்று இருந்தது. எப்படியோ மேலே வந்து சேர்ந்ததும் நான் சாவியின்மேல் கையை வைத்துக்கொண்டேன்.

“பாத்தேளா மொதலாளி,” என்றான் மைத்துனன் பின்னால் திரும்பி, “அத்தான் சாவிக்குக் காவலிருக்காரு.”

வியாபாரிக்கு உற்சாகமாகிவிட்டது. “என்ன வே, இம்புட்டுப் பயம்? ஒம்ம வண்டி புளிமூடு வரைக்கும் சும்மா வரும்னு கொட்டாரத்துலயே பேச்சு. அணைச்சு விடச் சொல்லும், பாப்போம். பெட்ரோல் என்ன கெணத்துலயா ஊறுகு?”

“அது இந்த வண்டிக்கு ஆகாதுங்க” என்று நான் சொல்லி முடிக்கவில்லை. மைத்துனன் சிரித்துக்கொண்டே என் கையைத் தட்டிவிட்டு, கம்பியை நியூட்ரலில் தள்ளிச் சாவியைத் திருப்பினான்.

சத்தம் அடங்கியது. டயர் சாலையில் உரசும் ஓசையும் காற்றும் மட்டும். “ஏட்டி, பல்லக்குல போற மாதிரில்லா இருக்கு!” என்றாள் வியாபாரியின் மனைவி தங்கையிடம். எனக்கு மட்டும் காலடியில் அந்த இருட்டுப் பெட்டிக்குள் தகடும் தகடும் எண்ணெயில்லாமல் தேய்வது தெரிந்துகொண்டிருந்தது. கலுங்கு தாண்டியது. வளைவு தாண்டியது. புளிமூட்டையும் தாண்டியதும், வேகம் குறைவதற்கு முன்பே, சாவியைப் போட்டுக் கம்பியை ஓங்கி இழுத்தான்.

காலுக்கடியில் பலகை முறிந்தது போன்ற ஒரு சத்தம். பிறகு எஞ்சின் மட்டும் ஊளையிட்டது. கார் மெல்ல மெல்ல வேகம் இழந்து, வயலோரத்தில், தானாகவே முடிவுசெய்தது போல நின்றது. கருகிய வாடை உள்ளே நிறைந்தது.

கொடைக்குப் போகும் கூட்டம் சுற்றிக்கொண்டது. “ஏலே, அமெரிக்கா நின்னுபோச்சுடே!” என்று யாரோ கத்தினார்கள். வியாபாரி வழியில் வந்த வில்வண்டியில் பெண்களையும் பானையையும் ஏற்றினார். போகும்போது என்னைப் பார்த்து, “நல்ல வண்டி வாங்கினீரு வே” என்றார். அணைக்கச் சொன்னது அவருக்கு அதற்குள் மறந்திருந்தது.

மைத்துனன் பானெட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்தான். பிறகு உண்மையான வருத்தத்தோடு சொன்னான்: “வெள்ளக்காரன் ஒங்க தலையில கெட்டிட்டான் அத்தான்.”

அந்த வாக்கியம் எங்களுக்கு முன்னே வீடு போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு அதை யாராலும் அசைக்க முடியவில்லை. காளை மாடுகளைப் பூட்டி இழுத்துக்கொண்டு போன பட்டறையில் மிஸ்திரி அடிப்பக்கத்தைத் திறந்தார். கறுத்த எண்ணெயோடு கரித்தூளும் தகட்டுச் சிராய்களும் விழுந்தன. நான் காரணத்தைச் சொன்னேன்.

“எறக்கத்துல அணைச்சா கியர் எரியுமா? நல்ல கதை! எத்தனை வண்டிக்காரன் அணைச்சு விடுகான், எது எரிஞ்சுது?”

அவர் அறிந்த கிளச்சு வண்டிகளைப் பொறுத்தவரை அது முழு உண்மை. எனக்குப் பதில் இருந்தது. ஆனால் அதைச் சொல்லும் ஆளாக நான் இல்லை. நான் வண்டி ஓட்டத் தெரியாதவன், வெள்ளைக்காரனிடம் ஏமாந்தவன்.

மாற்றுச் சாமான் சென்னையிலும் இல்லை, பம்பாயிலும் இல்லை. எஞ்சினுக்கு ஒரு பழுதும் இல்லாததால் அதை மட்டும் சுசீந்திரம் பக்கத்தில் வாழைத் தோட்டம் வைத்திருந்த ஒருவர் தண்ணீர் இறைக்க வாங்கிப் போனார். எஞ்சியதைப் பழைய இரும்புக்காரன் வெட்டி எடுத்தான்.

நான் மண்டிக்குப் போனேன். முதலாளி தலையை நிமிர்த்தவில்லை. “வே கணக்கு, வந்துட்டீரா? மேச அங்கதான் கெடக்கு. தூசியத் தட்டிட்டு இரியும்.” தட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

மைத்துனனுக்கு அந்தக் கஷ்டம் வரவில்லை. வில்லுக்குறித் தலையிலிருந்து புளிமூடு வரை எஞ்சினில்லாமல் வண்டி விட்டவன் என்ற பெயர் குளச்சலுக்கு பஸ் விடும் ஒரு முதலாளியின் காதுக்கு எட்டியிருந்தது. பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் டிரைவரைத் தேடிக்கொண்டிருந்த அவர், ஆளனுப்பி அழைத்து வேலை கொடுத்தார். என் மனைவி அன்று பாயசம் வைத்தாள். எனக்கும் ஒரு தம்ளர் வந்தது, குடித்தேன்.

சில மாதங்கள் கழித்து, மண்டிக் காரியமாகத் தக்கலைக்குப் போகும்போது அவன் ஓட்டும் பஸ்ஸில் நான் ஏற நேர்ந்தது. அவன் என்னைக் கண்டதும், பக்கத்தில் இருந்தவரை எழுப்பி, தனக்கு அருகில் உட்கார வைத்தான். வில்லுக்குறித் தலையில் சாவியைத் திருப்பினான். பஸ் முழுவதும் அமைதியாயிற்று. கலுங்கு வந்தது, வளைவு வந்தது.

“பாத்தேளா அத்தான்,” என்றான் என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, என்னைத் தேற்றுவதுபோல. “இதுக்கு ஒண்ணும் ஆகல்லியே. அந்த வண்டிதான் கெட்ட வண்டி.”

“இதுல கிளச்சு இருக்கு மாப்பிளே” என்றேன்.

அதற்குள் புளிமூடு வந்துவிட்டது. அவன் எஞ்சினைப் போட்டான். நான் சொன்னது அந்தச் சத்தத்தில் அவன் காதில் விழவில்லை.