அங்கி இல்லாத படிப்பு

நம்பூசியின் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் எல்லாரும் ஒருநாள் அவள் மேசைக்கு வந்து நிற்பார்கள். "அக்கா, மேல முதுகலை படிக்கலாமா, இல்ல சர்ட்டிஃபிகேட் பரீட்சை எழுதலாமா?" அவள் இதற்குப் பதில் சொல்லவே மாட்டாள். "எதுவா இருந்தாலும் வீட்ல மொதல்ல சொல்லிடு" என்பாள். இது என்ன பதில் என்று அவர்கள் முழிப்பார்கள். அவள் பட்டது அவளுக்குத்தானே தெரியும்.

பத்து வருடம் முன்பு, கம்பாலாவில் ஓர் இணைய நிறுவனத்தில் புகார் கேட்கும் மேசையில் இருந்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "அந்தப் பெட்டிய ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க ஐயா" என்று நாளைக்கு நூறு பேருக்குச் சொல்லும் வேலை. ஆறு வருடமாக அதே ஜபம். எதிரே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நெட்வொர்க் அறை. விளக்குகள் மினுக்கிக்கொண்டு கிடக்கும். உள்ளே போகத்தான் அனுமதி கிடையாது.

மேலாளர் ஓக்கெல்லோ வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிற ஆள். "முதுகலை முடிச்சுட்டு வா, கை குலுக்குறேன். நெட்வொர்க் சர்ட்டிஃபிகேட் முடிச்சுட்டு வா, அந்த ரூம் சாவியக் குடுக்குறேன்" என்றார்.

அவர் இதைச் சொன்ன வாரத்தில்தான் மாக்கரேரே பல்கலைக்கழகத்திலிருந்து முதுகலைக்கு இடம் கிடைத்த கடிதமும் வந்தது. அப்பா சொன்னாரே என்று போட்டுவைத்த விண்ணப்பம் அது. அப்பா வலுசிம்பி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றவர் என்பதால் முக்கோனோ ஊரே அவரைச் சலோங்கோ என்று மரியாதையாக அழைக்கும். கடிதம் வந்த மறுநாளே ஊரில் செய்தி தெரியாதவர் பாக்கியில்லை. வாழைத்தார் விலை கேட்கிற சாக்கில்கூட, "எம்பொண்ணு முதுகலை படிக்கிறா, தெரியும்ல?" என்று ஆரம்பித்துவிடுவார்.

மாலை வகுப்பும் பரீட்சைப் பயிற்சியும் ஒரே நேரம். இருப்பது ஒரு மாலைதானே. நம்பூசி நாலு நாள் யோசித்தாள். முதுகலைப் பாடத்திட்டத்தைப் படித்தால் கொட்டாவி வந்தது. பரீட்சைப் புத்தகத்தைத் திறந்தால் சோறு மறந்தது. இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டாள். அப்பாவிடம் மட்டும் வாய் வரவில்லை. "கிளாஸ் எப்படிம்மா போகுது?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் "போகுதுப்பா" என்பாள். அது எந்த கிளாஸ் என்று அவரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் கடெண்டே. அவளைக் கட்டிக்கொள்ளக் காத்திருந்தவன். வாண்டெகேயாவில் சின்ன மருந்துக்கடை வைத்திருந்தான். கரண்ட் போனாலும் அவள் படிக்க வேண்டும் என்று, மருந்துகளைக் குளிர வைக்கும் சோலார் பாட்டரியிலிருந்து பின்னறைக்கு ஒரு ஒயர் இழுத்துக் கொடுத்தான். இருமல் மருந்துக்கு வருகிறவர்களைக் கவனித்துக்கொண்டே புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பான். பாதிக் கேள்வி அவனுக்கே புரியாது. முதல் தடவை அவள் தோற்றாள்.  அன்று அவன் தெருவோரக் கடையில் ரோலக்ஸ் வாங்கிவந்து, சப்பாத்திக்குள் சுருட்டிய முட்டை ஆறுவதற்குள் சாப்பிடச் சொன்னான். அந்த மனுஷனுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும் என்று அவள் இன்றும் சொல்வாள்.

இரண்டாவது தடவை தேறினாள். அப்போது குவாஞ்சுலாவுக்கு மூன்று வாரம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்கு முறைப்படி வரும் நாள் அது.

"அப்பாகிட்ட சொல்லிட்டியா?" என்று தினமும் கேட்டான் கடெண்டே.

"சொல்றேன்."

"எப்ப? நம்ம புள்ள ஸ்கூலுக்குப் போறப்பவா?"

அந்த நாளும் வந்துவிட்டது. எதிரெதிரே இரண்டு பந்தல். இரண்டு பக்கமும் பேசுவதற்கென்றே ஒவ்வோர் ஆள். பெண்ணைப் பெற்றவர் அன்று வாய் திறக்கக் கூடாது. அவருக்காக அவர் பக்கத்துப் பேச்சாளர்தான் பேசுவார். ஒருவர் வாயை ஒருவர் பிடுங்குவதும், சொல்லில் பொய் வந்தால் அபராதம் கேட்பதும் அங்கே பாதி விருந்து.

பெண் வீட்டுப் பேச்சாளர் முளிந்துவா மைக்கைப் பிடித்தார். "எங்க பொண்ணு லேசுப்பட்டவ இல்ல. பட்டம் முடிச்சவ. இப்ப மாக்கரேரேல முதுகலை படிச்சிக்கிட்டிருக்கா." பந்தல் கைதட்டியது. கோமேசி உடுத்தி, பாயில் முழங்காலிட்டிருந்த நம்பூசி எதிர்ப்பந்தலில் கடெண்டேயைத் தேடினாள்.

மாப்பிள்ளை பக்கத்துப் பேச்சாளர் செந்யோண்டோ எழுந்தார். கடெண்டே அவரிடமும் மூச்சு விட்டிருக்கவில்லை. "ரொம்ப சந்தோசம். பட்டமளிப்பு விழால அங்கி போடுற அன்னைக்கு ஒரு ஆட்டுக்கடாவோட வந்து நிப்போம். எந்த வருசம்னு பொண்ணே சொல்லட்டும்" என்று மைக்கை அவளிடம் அனுப்பினார்.

ஏதாவது ஒரு வருடத்தைச் சொல்லியிருந்தால் தீர்ந்தது. நம்பூசி அப்பாவைப் பார்த்தாள். கணுக்கால் வரை தொங்கும் வெள்ளைக் கன்ஸுவில் நிமிர்ந்து உட்கார்ந்து, அந்த வருடத்தைக் கேட்கக் காத்திருந்தார்.

"நான் அதப் படிக்கலை" என்றாள். பக்கத்தில் இருந்த அத்தை தொடையைக் கிள்ளினாள். "கிள்ளாதீங்க அத்தை. நான் அந்த இடத்த விட்டுட்டேன். வேற பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணிட்டேன். அப்பாவுக்குத் தெரியாது. பொய் என்னோடதுதான், அவரோடது இல்ல."

பந்தலில் தலைகள் எல்லாம் சலோங்கோ பக்கம் திரும்பின. செந்யோண்டோவுக்கு மட்டும் முகம் மலர்ந்தது. "அபராதம்" என்றார். "ஒரு கிரேட் சோடா, பாட்டில் ஒண்ணு குறையாம."

"பொண்ணுல என்னய்யா குறை? நான் சொன்ன பட்டம்தான் தப்பு. அரை கிரேட்" என்று சமாளித்தார் முளிந்துவா. சனம் சிரித்தது.

அப்போது சலோங்கோ எழுந்தார். சிரிப்பு நின்றுவிட்டது. பெண்ணைப் பெற்றவர் எழுந்ததை அங்கே யாரும் பார்த்ததில்லை. சோடா கிரேட் ஒன்றைத் தானே தூக்கிக்கொண்டு போய் எதிர்ப்பந்தலில் வைத்தார். திரும்பி வந்து மகளின் பாய்க்கு முன்னால் நின்றார்.

"என்னம்மா பரீட்சை அது?"

"சர்ட்டிஃபைட் நெட்வொர்க் புரொஃபஷனல்."

"மெதுவா. கரும்பலகைல எழுதுறாப்ல சொல்லு."

சொன்னாள். அவரும் கூடவே முணுமுணுத்தார்.

"அங்கி உண்டா?"

"இல்லப்பா. ஈமெயில்தான் வரும்."

"அத வெச்சு என்ன பண்ணுவ?"

"ஒரு ஆஸ்பத்திரில இன்டர்நெட் போயிட்டா இப்ப என்னால போன்ல மன்னிப்புத்தான் கேக்க முடியும். இனிமே நானே போய் சரி பண்ணுவேன்."

 அவர் மைக் இல்லாமலே சொன்னார். "உன் ரெட்டத் தம்பிங்க ரெண்டு பேரும் பொறந்த வருசம் எனக்கும் ஒரு லெட்டர் வந்துச்சும்மா, முதுகலைக்கு. மடிச்சு வெச்சுட்டேன். உன் லெட்டர் வந்தப்ப, என்னோடதே திரும்பி வந்துட்டதா நெனச்சுட்டேன். அது ஒனக்கு வந்த லெட்டர்னு எனக்குத் தோணவே இல்ல."

அவளுக்கு அது தெரியாது. அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

சலோங்கோ பேச்சாளர் பக்கம் திரும்பினார். "முளிந்துவா, எம்பொண்ண மறுபடி மொதல்லேர்ந்து அறிமுகம் பண்ணு."

முளிந்துவா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "எங்க பொண்ணு, சர்ட்டிஃபைட்..." அதோடு நின்றுவிட்டார். மீதி வரவில்லை. மைக்கை வாங்கி, மீதியை ஒரு எழுத்து பிசகாமல் சலோங்கோவே சொன்னார்.