எதிர்க்கடைக் கோவா

என் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று சொன்னால் போதும், கேட்டவர் அடுத்ததாக "எந்தக் கடைக் கோவா நல்லாருக்கும்?" என்றுதான் கேட்பார். ரயிலில் கேட்டார்கள், கல்லூரியில் கேட்டார்கள். பிரசவத்துக்குப் போன ஆஸ்பத்திரியில், எனக்கு இடுப்பு வலி எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், நர்சம்மா கூடக் கேட்டார். இத்தனைக்கும் நான் பால்கோவாக் கடைக்காரர் மகள். பதின்மூன்று வயது வரைக்கும் அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. எங்கள் வீட்டுக் கோவாவைத் தவிர வேறு கோவாவை நான் நாக்கில் வைத்ததே இல்லை.

வைக்கக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். கடைத்தெருவில் எங்கள் கடைக்கு நேர் எதிரே இன்னொரு கோவாக் கடை இருந்தது. அதன் முதலாளி ஒரு காலத்தில் அப்பாவோடு ஒரே சட்டியில் நின்று கிண்டியவர். ஆறு வருஷம் அப்பாவிடம் வேலை பார்த்துவிட்டு, ஒரு நல்ல நாள் பார்த்து எதிரிலேயே கடை திறந்துவிட்டார். வேறு தெருவா இல்லை ஊரில்? அன்றைக்கே அப்பா தன் மேசையைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டுக்கொண்டார், அந்த முகத்தைப் பார்க்கக் கூடாதென்று. வீட்டில் அந்த ஆளின் பேச்சே எடுக்கக் கூடாது. எடுத்தே ஆக வேண்டுமென்றால் 'எதிர்க்கடை' என்போம்.

எனக்கோ எதையும் தின்று பார்த்துவிட வேண்டும். சிலேட்டுக் குச்சி தின்றிருக்கிறேன். சீயக்காய்த் தூள் தின்றிருக்கிறேன். கோவா அடுப்பை எரிக்க அப்பா மூட்டை மூட்டையாக முந்திரித் தோடு வாங்கிப் போட்டிருப்பார். முந்திரிப்பருப்பு இத்தனை ருசியாக இருக்கிறதே, தோடு எப்படி இருக்கும் என்று ஒருநாள் கடித்து, உதடு வெந்து, நான்கு நாள் ஆறின கஞ்சி குடித்துக் கிடந்தேன். "ஏட்டி, ஒனக்கு இருக்கது வாயா, இல்ல குப்பத்தொட்டியா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

அப்படிப்பட்டவளுக்கு எதிர்க்கடைக் கோவா மட்டும் விலக்கு என்றால் எப்படி இருக்கும்? பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் அந்த வாசலில் நடையைக் குறைத்து மூச்சை இழுப்பேன். எங்கள் வீட்டு வாசம்தான் வரும். அதே பால், அதே சீனி, அதே தோட்டு நெருப்பு. பிறகு எதற்காக ஒரு கூட்டம் எங்கள் கடையைத் தாண்டி அங்கே போகிறது? வித்தியாசம் என்று ஒன்று இருந்தால் அது எங்கே தெரியும், நாக்கின் நுனியிலா, தொண்டையிலா? யாரிடமும் கேட்க முடியாத கேள்வி. மண்டை காய்ந்து போகும் எனக்கு.

அக்கா அப்போது ராஜபாளையத்தில் ஒரு மில் ஆபீசில் டைப்பிஸ்ட்டாக இருந்தாள். காலை பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் வருவாள். அதே மில்லில் ஃபிட்டராக இருந்த ஒருவருக்கு அக்காவைப் பிடித்துப்போய், அக்காவுக்கும் பிடித்துப்போய், அவர் முறைப்படி ஒரு தரகரை எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். பிடித்துப்போன கதை அப்பா அம்மாவுக்குத் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும், ஏனென்றால் அக்காவின் கைப்பையில் தின்ன ஏதாவது இருக்கிறதா என்று தினமும் சோதிக்கிறவள் நான். ஒருநாள் கடலை மிட்டாயைத் தேடினால் கடிதம் கிடைத்தது.

பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அன்று காலை அக்கா பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. வெங்காயம் நறுக்கினாலாவது ஒரு காரணம் சொல்லலாம்.

"இந்தா பாரு," என்றாள் என்னிடம், "இது மட்டும் நடக்கலேன்னா நான் இனிமே எவன் முன்னாலயும் காப்பித் தட்டு தூக்கிட்டு நிக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

அவள் பயந்ததில் தப்பே இல்லை. அதற்கு முந்தைய வருஷம் வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டில் யாரோ ஒரு பெரியவர் எங்கள் கோவாவை வாயில் போட்டுக்கொண்டு, "கொஞ்சம் திகட்டுதோ?" என்று கேட்டுவிட்டார். அப்பா எழுந்து, "அப்ப நீங்க கெளம்பலாம்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று அவர்கள் சிரித்தார்கள். அப்பா செருப்புகளை வாசல் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு வந்து நின்றார்.

ராஜபாளையத்துக்காரர்கள் ஆறு பேர் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, சித்தப்பா, மூன்று பெண்கள். கூடவே தரகர். நான் ஜன்னலில் தொங்கிக்கொண்டு யார் கண் எந்தத் தட்டின் மேல் இருக்கிறது என்று பார்த்தேன். கேசரி, வாழைக்காய் பஜ்ஜி, மிக்சர், அப்பா அதிகாலையில் தானே நின்று கிண்டிய கோவா. மாப்பிள்ளையின் கண் எங்குமில்லை, உள்கதவின் மேல் இருந்தது. சித்தப்பாவின் கண் பஜ்ஜியை விட்டு நகரவே இல்லை. ஆனால் ஒருவரும் கை வைக்கவில்லை. ஏன் தின்ன மாட்டேன் என்கிறார்கள்? பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா கொண்டு வந்த ஒயர் கூடையை அம்மா வாங்கி என் கையில் கொடுத்து, "உள்ள கொண்டு போயி எடுத்து வையி" என்றார். அடுப்படியில் கூடையைத் திறந்தேன். வெற்றிலை, பழம், பூ, கடைசியில் ஓர் அட்டைப்பெட்டி. அந்தக் காலத்தில் பெட்டியில் கடைப் பெயரெல்லாம் போட மாட்டார்கள். கட்டுகிற நூலின் நிறம்தான் அடையாளம். எங்கள் கடைக்கு வெள்ளை நூல்.

இது சிவப்பு நூல். எதிர்க்கடை.

நல்ல பிள்ளையாக இருந்தால் உடனே அம்மாவைக் கூப்பிட்டிருப்பேன். நான் முதலில் நூலை அவிழ்த்தேன். மேல்தாளை விலக்கி, ஒரு விரல் அளவு வழித்து வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டேன். எத்தனை வருஷத்துத் தவிப்பு! நுனி நாக்கில் வைத்தேன், நடு நாக்குக்குத் தள்ளினேன், மேலண்ணத்தில் ஒட்டவைத்துப் பார்த்தேன்.

ஒன்றுமே தெரியவில்லை. எங்கள் கோவாதான் அது. துளி கூட வித்தியாசம் இல்லை. இதற்கா இத்தனை வருஷம் மேசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் இந்த மனிதர்! எனக்குக் கோபமே வந்துவிட்டது.

பிறகுதான் அக்காவின் ஞாபகம் வந்தது. சரி, இதை எடுத்து ஒளித்துவிட்டு நம் கோவாவைத் தட்டில் வைத்துவிடலாம் என்று பாத்திரத்தைத் திறப்பதற்குள் மாப்பிள்ளையின் அம்மாவே அடுப்படிக்கு வந்துவிட்டார்.

"தள்ளும்மா, நாங்க கொண்டாந்தத நானே வைக்கணும்" என்று பெட்டியிலிருந்து அள்ளித் தட்டில் வைத்தார். நான் சிவப்பு நூலை உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடினேன்.

அவர் தட்டை நேராக அப்பாவிடம் நீட்டினார். "எங்க பக்கம் ஒரு பழக்கம் உண்டு அண்ணாச்சி. நாங்க கொண்டாந்த இனிப்புல பொண்ணோட அப்பா மொதல்ல ஒரு வாய் எடுக்கணும். எடுத்துட்டா பொண்ணக் குடுக்கச் சம்மதம்னு அர்த்தம். பொறவுதான் நாங்க ஒங்க பலகாரத்துல கை வைப்போம்."

அதற்காகத்தான் பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்ததா! அப்பா சந்தோஷமாகக் கையை நீட்டினார். பாதி வழியில் கை நின்றுவிட்டது.

"கோவாவா?"

"ஆமா. ஒங்க ஊருக்கு வந்துட்டு வேற என்னத்த வாங்க? பஸ்ஸ விட்டு எறங்கி, அப்படியே கடத்தெருவுல வாங்கிட்டு வந்தோம்."

ராஜபாளையத்துக்காரர்கள் யார் வீட்டுக்குப் போனாலும் எங்கள் ஊரில் இறங்கி ஒரு பெட்டி வாங்கிக்கொண்டுதான் போவார்கள். எங்கள் ஊருக்கே வரும்போதும் கை அதைத்தான் செய்திருக்கிறது.

"எந்தக் கடையில?" என்றார் அப்பா. குரல் மாறிவிட்டது.

தரகர் உத்திரத்தில் பல்லியைத் தேட ஆரம்பித்தார். அந்தப் புண்ணியவான், அடுப்படியில் வேகிற தொழில் என்றால் மதிப்பாக இருக்காது என்று, 'பால் யாபாரம்' என்று மட்டும் மாப்பிள்ளை வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார். மாப்பிள்ளைக்கு உண்மை தெரிந்திருக்கும், ஆனால் அதை அம்மாவிடம் சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பாரே. பாவம், அவர் முகம் சுண்டிப்போய்விட்டது.

"நம்ம கடையிலதான்ப்பா!" என்று நான் கத்தினேன். "வெள்ள நூலு கட்டியிருந்துச்சு. நாந்தான் அவுத்தேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உள்ளங்கையில் நூல் வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தது.

"நம்ம கடையா? ஒங்களுக்குக் கோவாக் கடை இருக்கா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

"பால் யாபாரம்னா அதுவும் சேத்துத்தான மதினி" என்று அம்மா சமாளித்தார்.

"அட! பாத்தியாய்யா," என்று அவர் மகனிடம் திரும்பினார். "தெரியாமலே சம்மந்தி கடையிலயே வாங்கிட்டு வந்திருக்கோம். இதவிட நல்ல சகுனம் என்ன வேணும்?"

அப்பா என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தலையைத் திருப்பி உள்கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்தார். தட்டிலிருந்து ஒரு துண்டு கிள்ளி வாயில் வைத்தார். தாடை அசையவில்லை. தெய்வமே, இவர் துப்பிவிடக் கூடாது, துப்பிவிடக் கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

"நல்லாருக்கு" என்றார்.

அவர் வாயை மூடுவதற்குள் சித்தப்பாவின் கை பஜ்ஜியின் மேல் இருந்தது.

கல்யாணம் ராஜபாளையத்தில் நடந்தது. பெண் பார்த்த அன்றே நூலை அடுப்பில் போட்டுவிட்டு, அக்காவிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தேன். கல்யாணம் ஆன முதல் மாதத்திலேயே அக்கா தன் மாமியாரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். "ஒந் தங்கச்சி சின்னப் புள்ளையா, வக்கீலா?" என்று கேட்டாராம். ஆனால் அப்பாவுக்கு மட்டும் தெரியவே கூடாது என்று இரண்டு குடும்பமும் சேர்ந்து முடிவெடுத்தது. எட்டு, ஒன்பது வருஷம் எல்லாரும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தோம்.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் அக்கா மகளுக்கு ஐந்தாவது பிறந்தநாள் வந்தது. எங்கள் குடும்பத்தில் கேக் வெட்டிய முதல் பிறந்தநாள் அது. ஆளுக்கொரு காகிதத் தட்டு. கேக் துண்டு, மிக்சர், சிப்ஸ், பாதி வாழைப்பழம், ஒரு சாக்லேட். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மா ஒவ்வொரு தட்டாகக் கொடுத்து, "தீசுகோண்டி, தீசுகோண்டி" என்று எல்லாரையும் வற்புறுத்திக்கொண்டிருந்தார். என் துண்டில் ரோஸ் நிறத்தில் ஒரு பூ இருந்தது. பூவை முதலில் தின்பதா கடைசியில் தின்பதா என்று தெரியாமல் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அவர் தட்டிலும் ஒரு பூ இருந்தது. அதை ஒரு விரலால் தள்ளி, அமுக்கி, விரலை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத எதுலட்டி பண்ணுதான்? வெண்ணெயா, வனஸ்பதியா?" என்று கேட்டுவிட்டு, நுனி நாக்கில் கொஞ்சம் தொட்டு வைத்துக் கண்ணை மூடினார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் குப்பைத்தொட்டி வாய் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தத் தைரியத்தில் சொல்ல ஆரம்பித்தேன்.

"அப்பா, ஒண்ணு சொல்லுவேன், வையக் கூடாது."

"சொல்லு."

"அக்காவப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கு நீங்க தின்னது நம்ம கோவா இல்ல."

அப்பா பூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்" என்றார்.

"தெரியுமா! எப்ப?"

"வாயில வச்ச ஒடனே. அவன் சீனிய ஒரு கொதி முன்னாலயே போட்டுருவான். ஆறு வருசமும் அதுக்குத்தான் எனக்கும் அவனுக்கும் சண்ட. எனக்கா தெரியாது?"

"பொறவு ஏன்ப்பா முழுங்குனீக?"

எதிர்ப்பக்கம் அக்கா யாரோ ஒரு குழந்தையின் கன்னத்தில் அப்பியிருந்த க்ரீமைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா அவளைப் பார்த்தார்.

"கதவு இடுக்குல அவ கால்வெரல் தெரிஞ்சுச்சுட்டி. தரையப் போட்டு அழுத்திக்கிட்டு நின்னா, நகமெல்லாம் வெளுத்துப் போயி. நான் எப்படித் துப்ப?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. காகிதத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினேன். அப்போதும் பாருங்கள், என் புத்தி போகவில்லை. ஊர் உலகமெல்லாம் என்னிடம் கேட்கிற கேள்வி, நான் யாரிடமும் கேட்க முடியாமல் வைத்திருந்த கேள்வி, தொண்டையில் வந்து நின்றது.

"அப்ப நல்லாருக்குன்னு சொன்னது பொய்தானே?"

அப்பா பூவை முழுசாக எடுத்து வாயில் போட்டார். மென்று, விழுங்கி, விரலைத் தோள் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான்ட்டி இருந்துச்சு" என்றார். "அதான் இன்னும் கோவம்."