அட்டியலை இரவல் கேட்ட அண்ணாவியார்

சண்டைக் காலம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று இரவில் விளக்கேற்றத் தடை. அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் செட்டிபாளையத்துக்குக் கூத்துப் பழக்க ஓர் அண்ணாவியார் வந்தார். அவரைப் பற்றிக் கேள்விப்பட்டது எதுவும் நல்லதாக இல்லை. ஓர் ஊர்க் கூத்தில் அரசனைக் கிரீடமில்லாமல் கோவணத்தோடு ஆடவிட்டாராம். இன்னோர் ஊரில் அரசனை மத்தளக்காரன் காலில் விழவைத்து, ஊராரிடம் அடி வாங்கினாராம். இங்கே வந்தவர், விளக்கில்லை என்றால் பட்டப்பகலில் ஆடுவோம் என்றார். பகலில் யாராவது கூத்தாடுவார்களா?

கூத்துக்கு வீடுகளில் சேலையும் நகையும் இரவல் வாங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். அவர் எங்கள் வீட்டில் அட்டியலைக் கேட்டார். ஆவணியில் கலியாணம் வைத்திருந்த என் மகளுக்கென்று எடுத்து வைத்த, கல் பதித்த கழுத்து அட்டியல் அது.

"ஊர் பேர் தெரியாத மனிசன். கொண்டு ஓடிட்டா என்ன செய்யிற?" என்று என் புருஷனிடம் முணுமுணுத்தேன்.

"கூத்துக்கு நகை குடுக்காட்டி ஊர் சிரிக்கும் புள்ள" என்று அவர் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

எனக்கு நித்திரை போய்விட்டது. கூத்துப் பழகும் வளவுப் பக்கம் ஏதாவது சாட்டுச் சொல்லிப் போய், வேலிக் கிடுகை விலக்கிப் பார்ப்பேன். அந்த மனிதர் பழக்குவதை விட்டுவிட்டு என்னையே பார்ப்பார். களவெடுக்க நினைப்பவன்தானே வீட்டுக்காரியை நோட்டம் விடுவான்?

வாவிக்கரையில் மண் குவித்துக் களரி கட்டி ஆடினார்கள். நான் அட்டியலை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அரசி வேஷம் கட்டியவன் கழுத்தில் கிடந்தது. அந்த அரசி ஒரு பாட்டும் படிக்கவில்லை. மற்றவர்கள் ஆட, வெள்ளைத் திரையை விலக்கி ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே நின்றாள். யார் வந்தாலும் அவள் கை கழுத்துக்குப் போனது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது, நானும் சிரித்தேன். கடைசியில் போரில் செத்த அரசனைத் தூக்கி வந்தார்கள். அப்போதுதான் அவள் வெளியே வந்தாள். அழவில்லை. அவன் விரலில் மோதிரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். சிரிப்பு அடங்கிவிட்டது.

பக்கத்திலிருந்த என் மகள் மெதுவாக, "அம்மா, அது நீங்கதானே" என்றாள்.

வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன எனக்கு. பொழுதுபடுமுன் அண்ணாவியாரே அட்டியலைக் கொண்டு வந்தார். "எல்லாம் சரியா இரிக்கா எண்டு பாருங்க தங்கச்சி" என்றார். பார்க்கத் துடித்த கையை அடக்கிக்கொண்டு நின்றேன். அவர் வாசல் படலையைத் தாண்டியதும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு கல்லும் குறையவில்லை.

மகள் அந்த அட்டியலோடு கலியாணம் முடித்துப் போய்விட்டாள். வாசலில் ஆள் அரவம் கேட்டால் இன்றும் என் கை முதலில் திரைச்சீலைக்குத்தான் போகிறது. அந்த அரசியின் ஒற்றைக் கண் ஞாபகம் வந்ததும், கதவையே முழுதாகத் திறந்துவிடுகிறேன்.