நான்காவது சக்கரம்

நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் கட்டை மாற்றிவிட்டேன் என்று என் கணவரிடம் சொன்னேன். அது பொய். மூன்றுக்குத்தான் மாற்றியிருந்தேன்.

இந்த ஒரு பொய்யைச் சுமந்துகொண்டு ஐந்து வருடம் அவரோடு குடும்பம் நடத்தினேன். பிறகு அவரிடமே சொல்லியும் விட்டேன். சொன்னால் இறங்கிவிடும் என்று நினைத்தேன்... இறங்கவில்லை. ஏன் இறங்கவில்லை என்பதை உங்களிடமாவது முழுதாகச் சொல்ல வேண்டும்.

என் கணவர் கலியபெருமாள் வாடகைக் கார் ஓட்டினார். நெல்லித்தோப்பில் எங்கள் வீடு. பிரெஞ்சுக் கொடி இறங்கியபின் ஊரைக் காலி செய்துகொண்டு கப்பலேறிய பிரெஞ்சுக்கார முசே ஒருவர், தம் பழைய காரையும் ஒரு பெட்டி நிறைய உதிரிப் பாகங்களையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வண்டிதான் எங்களுக்குச் சோறு போட்டது.

அவருக்கு வலது மணிக்கட்டு பிசகியிருந்த சமயம் அது. பற்றுப் போட்டுத் துணி சுற்றியிருந்தார். ஸ்டீரிங்கைப் பிடிக்க முடிந்தது. ஸ்பானரைத் திருக முடியவில்லை. பிரேக்கோ தேய்ந்து கிறீச்சிட்டது. மறுநாள் காலை விழுப்புரம் ரயிலடிக்கு ஒரு குடும்பத்தைக் கொண்டுபோய் விடுவதாக ஒப்புக்கொண்டிருந்தார். பட்டறைக்காரர் ஒரு வாரம் ஆகும் என்று கைவிரித்துவிட்டார்.

நான் செய்கிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார்.

ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினேன். உள்ளே இருந்த இரும்புச் சட்டியை, அதை டிரம் என்பார்கள், சுற்றிலும் மரச்சுத்தியால் தட்டித் தட்டி உருவினேன். அப்போதுதான் அதன் உள்ளிருப்பதை முதன்முதலாகப் பார்த்தேன். ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு பிறைகள்! இடையில் இழுத்துக் கட்டிய கம்பிச் சுருள்கள். அத்தனை பெரிய வண்டியை நிறுத்துவது இதுவா? உள்ளங்கை அகலம்கூட இல்லாத இந்தக் கட்டைகளா?

காலால் மிதித்தால் எண்ணெய் மெல்லிய குழாய்களில் ஓடி, நான்கு சக்கரத்திலும் ஒரே நொடியில் இந்தப் பிறைகளை விரிக்கும் என்றார் அவர். முசே கொடுத்த பெட்டியிலிருந்த புதுக் கட்டைகளைப் பொருத்தி மூடியதும் சக்கரத்தைச் சுழற்றச் சொன்னார். சுழற்றினேன். அவர் உள்ளே ஏறி மிதித்தார். என் கைக்கடியில் ஓடிக்கொண்டிருந்த சக்கரம் கப்பென்று நின்றது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கருவறைத் திரை விலகும்போது வருமே, அந்தச் சிலிர்ப்பு. கன்னியர் பள்ளியில் நான் படித்த எதுவும் என்னை அப்படி ஆட்கொண்டதில்லை.

மூன்று சக்கரம் முடிந்தபோது உச்சி வெயில் ஏறிவிட்டது. மணிக்கட்டுக்குப் பற்று மாற்றிவர அவர் வைத்தியரிடம் போனார். மிச்சம் வலப்பக்கத்து முன்சக்கரம் ஒன்றுதான்.

அந்த டிரம் வரவில்லை. துருப்பிடித்து இறுகியிருந்தது. தட்டினேன். மறுபடி தட்டினேன். தெருக் குழாயடியில் நின்ற பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். புடவையெல்லாம் கறுப்பு மசி. முகத்திலும் இருந்திருக்கும். அவர்களில் ஒருத்தி, இனிமேல் கலியபெருமாள் சோறாக்குவார், இவள் வண்டி ஓட்டுவாள் என்றாள்.

அவ்வளவுதான்! வேறு காரணம் எதுவும் இல்லை. கொலைவெறியா? வன்மமா? ஒன்றுமில்லை. வெயில் அடித்தது, நாலு பேர் சிரித்தார்கள். சக்கரத்தை அப்படியே திரும்ப மாட்டினேன். மிஞ்சிய புதுக் கட்டைகளை விறகுக்கு அடியில் தள்ளினேன்.

அவர் திரும்பி வந்து, "நாலும் ஆச்சா?" என்று கேட்டார்.

"ஆச்சு" என்றேன்.

அந்தச் சக்கரத்தையும் சுழற்றி மிதித்துப் பார்த்தார். நின்றது. வெறுமனே சுழலும் சக்கரம் தேய்ந்த கட்டைக்கும் நிற்கும் அல்லவா? தெருவில் மெதுவாக ஓட்டிப் பார்த்தார்; குறை தெரியவில்லை. அன்று சாயங்காலம் வந்தவர் போனவரிடமெல்லாம் என் கைவேலையைப் பெருமையாகச் சொன்னார். நான் அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இரவுக்குள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்... சொல்லவில்லை.

மறுநாள் அந்தக் குடும்பத்தை ரயிலேற்றிவிட்டுத் தனியாகத் திரும்பினார். ரெட்டியார்பாளையத்தில், ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு ஒரு பெண்குழந்தை சாலைக்கு ஓடி வந்தது. காரைக் கண்டதும் நடுச்சாலையில் உறைந்து நின்றுவிட்டது. அவர் பலம்கொண்ட மட்டும் மிதித்தார். ஸ்டீரிங்கை நேராகத்தான் பிடித்திருந்தார். வண்டி தானாக இடப்பக்கம் திரும்பி, சாலையை விட்டு இறங்கிப் புளியமரத்தில் மோதியது.

குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அவருடைய வலது முழங்கால் நொறுங்கிப்போயிற்று. ஆஸ்பத்திரியில் நான் ஓடிப்போய் நின்றபோது அவர் முகத்தில் வலியைவிட வேறொன்று இருந்தது. திகைப்பு. பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்த்துவிட்டவரின் கண்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் திருப்பலடி. அவதான் திருப்பனா. மாரியாத்தா" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. நீங்களாக இருந்தால் திறந்திருப்பீர்களா?

நொறுங்கிய வண்டியைக் கிடந்த இடத்திலேயே பழைய இரும்புக்கு விற்றோம். யாரும் அந்தச் சக்கரத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை. விறகுக்கடியில் கிடந்த கட்டைகளைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய் உப்பளத்துப் பக்கம் வாய்க்காலில் போட்டேன்.

அவர் மறுபடி வண்டி ஓட்டவே இல்லை. தெருமுனையில் சோடாக்கடை போட்டு உட்கார்ந்தார். மழை பெய்தால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டுவார். சோறு குழைந்தால் திட்டு, தண்ணீர் சூடு குறைந்தால் திட்டு. எனக்கு அது மருந்தாக இருந்தது. இன்னும் திட்டட்டும் என்று இருக்கும்.

அந்தக் குழந்தையின் பெயர் அஞ்சலாட்சி. பொங்கல்தோறும் அவள் தாய் தனலட்சுமி, விளைந்த காய்கறியோடு அவளையும் கூட்டிக்கொண்டு வருவாள். இருவரும் அவர் காலில் விழுவார்கள், விறைத்துப்போன அந்தக் காலில். நான் வெல்லமும் பாலும் கொண்டுவந்து வைப்பேன். குழந்தை வருடத்துக்கு வருடம் வளர்ந்தாள். பல் விழுந்து முளைத்தது, பின்னல் நீண்டது. பார்க்கப் பார்க்க எனக்குள் ஓர் அச்சம் எழும். நான் ஒழுங்காக வேலை செய்திருந்தால் இவள் இருப்பாளா? அல்லது வண்டி இவளுக்கு முன்னாலேயே நின்று, அவர் காலும் தப்பியிருக்குமா? யாரிடம் கேட்பது இதை?

போன மார்கழியில் ஒரு மத்தியானம் சொல்லிவிட்டேன். அழாமல், மறைக்காமல், குழாயடிச் சிரிப்பு உட்பட எல்லாவற்றையும்.

அவர் கையிலிருந்த ஊன்றுகோலைக் கீழே வைத்தார். பிறகு, "வலப்பக்கச் சக்கரமா?" என்றார். ஆமாம் என்றேன். விரலால் தரையில் சாலையைக் கீறினார். வண்டி வந்த வழியை, குழந்தை நின்ற இடத்தை. இடப்பக்கம் பிரேக் பிடித்து வலப்பக்கம் பிடிக்காவிட்டால் வண்டி எந்தப் பக்கம் இழுக்கும் என்பது அவருக்குத் தெரியாதா? விரல் தானாக இடப்பக்கம் வளைந்து, மரம் இருந்த இடத்தில் போய் நின்றது.

அறைவார் என்று காத்திருந்தேன். அறைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"அந்தத் தூரத்துல எந்தப் பிரேக் போட்டாலும் வண்டி நிக்காது" என்றார் மெல்ல. "உன் கையைப் புடிச்சி நிறுத்தியிருக்கா மாரியாத்தா. மூணோட போதும்னு நிறுத்தியிருக்கா."

"இல்லீங்க. வெயிலு... சிரிச்சாங்க... அதான் விட்டுட்டேன்."

அவர் காதில் அது விழவில்லை. கோலை ஊன்றிச் சிரமப்பட்டு எழுந்தார். என் எதிரில் நின்று இரண்டு கைகளையும் கூப்பினார். ஆஸ்பத்திரியில் பார்த்த அதே கண்கள்!

அன்றிலிருந்து அவர் என்னைத் திட்டுவதில்லை. சோறு குழைந்தாலும் சும்மா இருக்கிறார். சாமி பக்கம் கால் நீட்டக் கூடாது என்பதுபோல, தூங்கும்போது மடங்காத அந்தக் காலோடு திண்டாடி, என் பக்கம் கால் வராமல் திரும்பிப் படுக்கிறார். எனக்குப் புருஷன் இல்லாமல் போய்விட்டார். ஒரு பக்தர்தான் இருக்கிறார்.

தனலட்சுமியிடமும் அவர் சொல்லிவிட்டார். இந்தப் பொங்கலுக்கு அவளும் அஞ்சலாட்சியும் வந்தார்கள். அவரிடம் போகவில்லை. நேரே என்னிடம் வந்தார்கள். தாய் என் காலில் விழுந்தாள். பின்னல் தரையில் புரள மகளும் விழுந்தாள். அவர்கள் நெற்றி என் பாதத்தில் சுட்டது. எழுந்திருங்கள், நான் சோம்பலில் விட்ட வேலை அது என்று சொல்லியிருக்கலாம்.

நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை.