பிள்ளையாருக்கு வைத்த ஆற்றுவாழை

மாமியின் சிவலைப் பசு ஒருநாள் குளத்தின்மேல் நடக்கப் போனது.

புல்லுத் தரை என்று நினைத்திருக்கும். அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஒட்டுசுட்டானுக்கு உள்ளே தள்ளியிருந்த எங்கள் சின்னக் குளம் அந்த வருஷம் கரைக்குக் கரை ஆற்றுவாழை என்னும் ஆகாயத்தாமரையால் மூடிக் கிடந்தது. வயிறு உப்பிய தண்டு, தடித்த இலை, ஊதாப் பூ. தண்ணீர் எங்கே என்று தவளைக்கே தெரியாது. பசு நாலடி வைத்தது. பிறகு கொம்பு மட்டும்தான் தெரிந்தது. நான் வாயைப் பிளந்தபடி நின்றேன். கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து என் வாய் திறந்தும் சத்தம் வராத நேரம் அது ஒன்றுதான் என்று மாமி பிறகு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

கயிறு போட்டு இழுத்ததில் பசு பிழைத்தது. நெல் பிழைக்கவில்லை. ஆற்றுவாழை மிதந்து போய்த் துருசில் அடைத்துக்கொண்டது. துருசு என்றால் வயலுக்குத் தண்ணீர் விடும் மதகு. குளம் நிறையத் தண்ணீர் நிற்க, அதன் காலடியில் எங்கள் வயல் கருகியது. வெள்ளத்தில் அழிந்த வயலைக் கண்டிருக்கிறேன். வெயிலில் அழிந்ததையும் கண்டிருக்கிறேன். நிறைகுளத்துக்குக் கீழே வயல் காய்ந்ததை அன்றுதான் கண்டேன். இன்னொரு போகம் இப்படிப் போனால் கஞ்சிக்கும் வழியில்லை.

குளத்தைத் துப்புரவாக்க, கூலியில்லாமல் ஊர்கூடிச் செய்யும் சிரமதானம் என்று கூப்பிட்டோம். இழுக்க மூன்று பேர் வந்தார்கள். தேத்தண்ணி குடிக்க ஊரே வந்தது.

பக்கத்துக் காணியில் மலைநாட்டிலிருந்து வந்த ஒருத்தி இருந்தாள். எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டை விட்டு, ஒரு தகரப் பெட்டியோடு வன்னிக்கு வந்த குடும்பம். நான் மிளகாய் நாற்றுமேடைக்கு மண் தேடி அலைவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வழமையாகக் குளத்தின் அடியில் கறுத்த சேறு வெட்டி வந்துதான் மேடை போடுவோம். இப்போது அந்தச் சேற்றுக்கும் இந்தச் சனியன்தான் காவல்.

"ஏங்கக்கா, இதையே அழுக வச்சா ஒரமாயிருமே" என்றாள்.

"தண்ணிக்குள்ள கிடந்தே அழுகாதது, கரையில வந்து அழுகுமோ?" என்றேன்.

"செத்தாத்தானே அழுகும்? மொதல்ல வெயில்ல போட்டுக் கொல்லுங்க."

கொன்றோம். வாடியதைக் கத்தியால் துண்டு துண்டாக வெட்டி, ஒரு அடுக்குச் சாணி, ஒரு அடுக்கு வைக்கோல், கொஞ்சம் அடுப்புச் சாம்பல் என்று கும்பமாகக் குவித்துத் தென்னங்கிடுகால் மூடினோம். சில நாள் கழித்து, அழுகிவிட்டதா பார்ப்போம் என்று முழங்கை வரை கையை விட்டேன். அம்மோ! கொதிக்கிற பானைக்குள் விட்டதுபோலச் சுட்டது. நெருப்பு வைக்காத இடத்தில் சூடு எங்கிருந்து வந்தது? அவள் சிரித்தாள்.

அடுத்த விடிகாலை மாமியின் அலறலில் எழும்பினேன். கும்பத்திலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.

"எடியே பிள்ளை, மாட்டுக்கொட்டில் எரியப்போகுது! தண்ணி கொண்டுவா!"

"தண்ணியோட அரிசியும் கொண்டுவாறன் மாமி. விறகு மிச்சம்."

"உன்ர வாயை முதல்ல அவிய வைக்கோணும்" என்று வாளியோடு ஓடினார்.

கிளறிக் கிளறிப் போட, அது ஆறிக் கறுத்துப் பொலபொலவென்று உதிர்ந்தது. நாற்றம் எதுவும் இல்லை, முதல் மழையில் நனைந்த மண்போல மணந்தது. அதில் போட்ட மிளகாய் நாற்று சேற்றில் வளர்ந்ததைவிடத் தடிப்பாக, கரும்பச்சையாக நின்றது. தோட்டம் செய்கிறவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மறுநாள் குளக்கரையில் வண்டிலும் சாக்குமாக நின்றார்கள். சிரமதானத்தன்று முதுகு பிடித்துக்கொண்ட ஆட்களெல்லாம் "இந்த மூலை என்ர, கை வைக்காதை" என்று களைக்காகச் சண்டை பிடித்தார்கள். களையைப் பங்கு கேட்ட சனத்தை அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை.

மழைக்கு முன் குளம் வெளித்தது. ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் மிஞ்சியது. குளக்கட்டுப் பிள்ளையாருக்குப் பொங்கல் வைத்தோம். அந்தக் கோடையில் ஊரில் வேறு பூ இல்லை. ஆற்றுவாழைப் பூவோ ஒடித்தால் உடனே வாடிவிடும். அதனால் மாமி வேரோடும் தண்டோடும் பிடுங்குவித்து, சட்டிகளில் தண்ணீர் விட்டுப் பிள்ளையாரைச் சுற்றி வைத்தார். பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

சாமிக்கு வைத்த பூ காலில் மிதிபடக் கூடாது. தண்ணீரில்தான் சேர்க்க வேண்டும். அதுதான் எங்கள் முறை. பொங்கல் முடிய மாமி சட்டிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய், பக்தியாகக் குளத்தில் கவிழ்த்தார். ஊர் முழுக்கக் கைகூப்பி நின்றது.

கார்த்திகை விளக்கீடு கழிந்த காலை குளக்கட்டில் ஏறிப் பார்த்தேன். குளத்தில் கால்வாசி பச்சை. அதன்மேல் ஊதாப் பூ, எங்களைப் பார்த்துப் பல்லிளித்தபடி. துருசுப் பக்கமாகத்தான் நகர்ந்துகொண்டிருந்தது. கீழே நெல் கதிர் கட்டும் குடலைப் பருவம். தண்ணீர் தவறினால் பதர்தான்.

ஊர் கத்தியோடு வந்தது. வந்து, கரையிலேயே நின்றது.

"பிள்ளையாற்ர பூவெல்லோ" என்றார் ஒருவர்.

மாமி கைகளை விரித்து வழிமறித்தார். "சாமிக்கு வைச்சதைக் கொண்டுபோய்ச் சாணியோட சேர்க்கிறதோ? குலம் விளங்குமோ?"

மலைநாட்டுக்காரி என் முகத்தைப் பார்த்தாள். "பேசுங்கக்கா. எப்பவும் பேசுவீங்களே" என்று முணுமுணுத்தாள்.

"மாமி, தைப்பொங்கலுக்கு முற்றத்தில என்னத்தில பிள்ளையார் பிடிக்கிறனீங்கள்?"

"சாணியில. இதென்ன கேள்வி?"

"பிடிச்சு, அறுகம்புல்லுக் குத்தி, பூ வைச்சுக் கும்பிடுறனீங்களெல்லோ? சாணியே சாமியெண்டால், பூ சாணிக்குள்ள போனால் சாமிட்டத்தானே போகுது?"

யாரும் சிரிக்கவில்லை. எனக்கே பயமாக இருந்தது. மாமி என்னை அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் வெற்றிலையைத் துப்பினார். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். முதல் செடியைப் பிடுங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றினார். பிறகு வேரில் தண்ணீர் சொட்டச் சொட்டக் கரையில் எறிந்தார். அதைக் கண்ட ஊரும் இறங்கியது. ஆளாளுக்கு ஒன்றைக் கண்ணில் ஒற்றிவிட்டு மிச்சத்தை வாரி எறிந்தார்கள்.

"வாய் நீளமானவள் ஆழத்துக்குப் போகட்டும்" என்று மாமி துருசுப் பக்கம் கையைக் காட்டினார்.

போனேன். கழுத்தளவுத் தண்ணீரில் நின்று, துருசு வாயில் செருகியிருந்த பச்சைச் செடித் திரளைப் பிடித்து இழுத்தேன். அது கழன்று வர, கீழே வாய்க்காலில் தண்ணீர் பாயும் சத்தம் கேட்டது.