மூன்றாம் நாள் ஈரத்துணி

முந்தாநாள் காலை ஓடைப்பட்டி பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். மின்பலகையில் சிவப்பு எழுத்துகள் ஓடின: ‘ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் மாயாண்டி காலமானார்.’ நான் மூச்சு விடுவதற்குள், ‘நாளை மின்தடை’ என்று அடுத்த செய்தி வந்துவிட்டது.

நான் கணக்கு ஆசிரியர். மாயாண்டி சாரும் நானும் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். 1996 வாக்கில், அந்த நிறுத்தத்து டீக்கடைச் சுவரில் அவர் ஒரு கரும்பலகை மாட்டினார். திராட்சை லாரி வரும் நேரம், தண்ணீர் திறப்பு, ஊரில் இறந்தவர் பெயர் எல்லாம் தினமும் காலையில் எழுதிவிட்டுத்தான் பள்ளிக்கு வருவார்.

“மாயாண்டி சார், நான் செத்தாலும் இம்புட்டு அழகா எழுதுவீகளா?” என்றார் டீக்கடைக்காரர்.

“மொதல்ல சாவுங்க மாமா, பாப்பம்.”

கடை முழுக்கச் சிரித்தது.

மற்ற செய்திகளை அவரே அழிப்பார். சாவுச் செய்தியைத் தொடமாட்டார். மூன்றாம் நாள் இறந்தவர் வீட்டார் ஈரத்துணியோடு வந்து துடைக்க வேண்டும். “எழுத நான் போதும் சார். அழிக்க வீட்டு ஆளு வேணும்” என்பார். ஓர் உதாரணம்: வெளியூரில் இருந்த மகன் வந்து சேரும்வரை, ஒரு பெரியவரின் பெயர் ஒன்பது நாள் பலகையில் இருந்தது.

மாயாண்டி சாரின் மனைவி இறந்தபோதும் அவரேதான் எழுதினார். பிள்ளைகள் இல்லை. மூன்றாம் நாள் துணியோடு வந்தவர், துடைக்காமல் திரும்பிப் போனார். ஒரு மாதம் அந்தப் பெயரைச் சுற்றியே லாரி நேரம் எழுதினார். துடைத்த அன்று என்னிடம் கேட்டார்:

“எனக்குத் தொடைக்க யாரு சார் இருக்காக?”

நான் பேருந்து வருகிறதா என்று பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

பிறகு மின்பலகை வந்தது. கரும்பலகை கடைக்குப் பின்னால் போனது. மாலையில் அவர் தனியாக உட்கார்ந்து, ஓடும் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். “தானா வருது, தானா அழியுது. அதுக்கு யாரும் வேணாம் சார்” என்று ஒருநாள் சொன்னார். அன்றும் நான் பேருந்து வரும் பக்கமே பார்த்தேன்.

முந்தாநாள் அடக்கம் முடிந்ததும் டீக்கடைக்காரரிடம் பலகையைக் கேட்டேன். அவரே தூசி தட்டி, பழைய ஆணியில் மாட்டினார். மாயாண்டி சார் பெயரை எழுதினேன். என் எழுத்து கோணல். அவர் பார்த்திருந்தால் சாக்பீஸைப் பிடுங்கியிருப்பார்.

இன்று மூன்றாம் நாள். விடிந்ததும் ஈரத்துணியோடு போய்த் துடைத்தேன். பலகை காயும்வரை அங்கேயே நின்றேன்.

வீட்டு ஆள் வந்துவிட்டேன் சார். நிம்மதியாகப் போய் வாருங்கள்.