கங்காணி ஊடு

எட்டாவது வரை படித்த நான் ஒரு சொல்லைப் பற்றி எழுத உட்கார்ந்தது அதிகப்படிதான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன் நான். எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

ஏற்காட்டு மலையில் வெள்ளக்கடை என்ற ஊரில் எங்கள் வீட்டுக்குக் கங்காணி ஊடு என்று பெயர். என் தாத்தா சேலத்துப் பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்து, காப்பி எஸ்டேட்டில் அவர்களை மேய்த்து வேலை வாங்கியவர். அந்த வேலை பார்ப்பவருக்குக் கங்காணி என்று பேர். இப்போது எங்களுக்கென்று ஒரு காப்பிச் செடிகூட இல்லை. நான் ஏற்காட்டில் ஒரு லாட்ஜ் கேட்டில் வாட்ச்மேன்.

போன மழைக்காலத்தில் லாட்ஜில் தங்கிய தமிழ் வாத்தியார் ஒருவருக்குக் குடை பிடித்துப் போகும்போது இந்தச் சொல்லைப் பற்றிக் கேட்டேன். கண்ணால் காண்பவன் கண்காணி, பேச்சில் அது கங்காணி ஆனது என்றார். ஒரு காலத்தில், விளைந்த பயிர் அறுத்துக் களம் சேரும்வரை பார்த்துக்கொண்டவனுக்கும் அந்தப் பெயர் இருந்ததாம். ஆட்கள் மேல் கண் வைத்தது எஸ்டேட்டில்தானாம். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பயிர்ப் பகுதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டேன்.

பிறகு பையனுக்குப் பெண் கேட்டு நாகலூர் போனோம். அவன் ஜீப் ஓட்டுகிறான். அவனும் அந்தப் பெண்ணும் ஏற்கெனவே மனசு ஒத்துவிட்டவர்கள். பெரியவர்கள் சரி சொல்வதுதான் பாக்கி. கிளம்பும்போதே என் மனைவி, "அங்க வந்து கங்காணி கதைய எடுத்துராதீங்க" என்றாள்.

பெண்ணின் அப்பா, அவருடைய அக்கா, எல்லோரும் எஸ்டேட் வேலை செய்கிறவர்கள். காப்பி குடித்ததும் அப்பா கேட்டார், "நீங்க என்ன வேலைங்க பாக்கறீங்க?"

கேட்டில் நிற்கிறேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "எங்களுது கங்காணி ஊடுங்க" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். கண், பயிர், களம் என்று மனப்பாடம் செய்த அத்தனையையும் ஒப்பித்தேன். அவ்வளவு நேரம் நான் எங்கும் பேசியதில்லை.

அக்கா முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "ஏனுங்க, எந்த எஸ்டேட்டுங்க?"

சொன்னேன்.

"எங்கம்மாளும் அங்கதானுங்க பழம் பறிச்சுது. தூளியில கெடந்த என்னைய எடுத்துப் பால் குடுக்க உக்காந்தா, உங்க தாத்தா அரைநாள் கூலிய வெட்டிப்போடுவாராமா. நொம்ப நல்லாத்தான் கண்ணு வெச்சுப் பாத்துக்கிட்டாருங்க."

உள்ளே யாரோ சிரித்தார்கள். "முன்னாடி அது பயிருக்குத்தானுங்க..." என்று இழுத்தேன்.

"பயிருக்குக் காவல் இருந்தா பயிரு ஒண்ணுஞ் சொல்லாதுங்க. நாங்க சொல்லுவமுங்களே."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

"வுடக்கா, ஊடு தேடி வந்தவங்கள" என்றார் பெண்ணின் அப்பா. பிறகு என்னைப் பார்த்து, "அது கெடக்குதுங்க. இப்ப நீங்க என்ன வேலை?" என்றார்.

பையன்தான் சொன்னான், "அப்பா லாட்ஜுல வாட்ச்மேனுங்க மாமா."

"அதச் சொல்றதுக்கு என்னங்க?" என்றார் அக்கா. "மொளகு காய்க்கறப்ப எந்தம்பியுந்தான் ராக்காவலுக்குப் போறான்."

நாளைக்குச் சொல்கிறோம் என்று அனுப்பினார்கள். பெண் கதவோரம் நின்று பையனையே பார்த்துக்கொண்டிருந்தது. ஜீப்பில் வரும்போது பையன், "அவங்க வேண்டாம்னுட்டா நான் என்னங்கப்பா பண்றது?" என்றான். தாத்தா செய்ததற்கு நான் என்ன செய்வேன் என்று எனக்குள் சொல்லிப் பார்த்தேன். அது எடுபடவில்லை. அவர் பார்த்த வேலையைக் காட்டித்தானே பெண் கேட்டேன். நான் பார்க்கிற வேலையைச் சொல்ல வெட்கப்பட்டேன்.

மறுநாள் சாயந்திரம் நான் லாட்ஜ் கேட்டில் நிற்கும்போது பெண்ணின் அப்பா போன் செய்தார். பெண் தரச் சம்மதம், கல்யாணப் பத்திரிகையில் கங்காணி ஊடு என்று மட்டும் போட வேண்டாம் என்று அக்கா சொல்கிறார் என்றார். சரிங்க என்றேன். அதற்குள் ஒரு கார் வந்து ஹாரன் அடித்தது. கேட்டைத் திறந்துவிட்டேன்.